1860களின் சிங்கப்பூர்: நாகையிலிருந்து இறங்கியவனுக்கு என்ன வேலை, எங்கே படுக்கை, கையில் என்ன காசு?

#1 நாகைத்துறை

வானொலி நாடகம் ஒன்றுக்குத் தகவல் வேண்டும். காலம் 1860கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சிங்கப்பூரில் இறங்குகிற ஒருவன். ஒப்பந்தக் கூலி அல்ல, கைதியும் அல்ல. ஊர்க்காரர் ஒருவரின் பெயரும் ஒரு துணிமூட்டையும்தான் கையில்.

எந்த மாதம் இறங்குவான்? யார் வேலை கொடுப்பார்கள்? இரவு எங்கே படுப்பான்? கூலி ரூபாயிலா, டாலரிலா? அரிசியை எந்தப் படியால் அளந்து வாங்குவான்? 'கடல் கடந்த கண்ணீர்' வகைப் பேச்சு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. கடைக்காரர் வாயில் என்ன சொல் வரும் என்கிற அளவுக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தொங்கான்

மாதத்தைக் காற்றுதான் முடிவு செய்யும். பாய்க்கப்பல் சோழமண்டலக் கரையிலிருந்து கிழக்கே போகத் தென்மேற்குக் காற்று வேண்டும். வைகாசி முதல் புரட்டாசி வரை அது கிடைக்கும். வாடைக்காற்று எழுந்த பிறகு, கார்த்திகை தாண்டி, திரும்பும் பயணம். ஆகவே உங்கள் ஆள் தை மாதம் வந்திறங்கினான் என்று எழுதினால் கப்பல் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆடியில் கிளம்பினான் என்று வையுங்கள். முதலில் பினாங்கு, பாதிப்பேர் அங்கேயே இறங்கிவிடுவார்கள். அங்கிருந்து மலாக்கா நீரிணையில் காற்று ஒரே சீராக இருக்காது. இரவு, விடியற்காலை நேரத்தில் சுமத்ராப் பக்கமிருந்து திடீர்ப் புயல்மழை அடிக்கும். அதற்குக் கப்பல்காரர்கள் வைத்த பெயரே 'சுமத்ரா'தான்.

கப்பல் கரையைத் தொடாது. வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆள் சம்பான் படகில் வருவான், சரக்கு தொங்கான் என்ற பெரிய சரக்குப் படகில் வரும். சிங்கப்பூர் ஆற்றின் வாயில் மணல்திட்டு இருப்பதால் கடல்நீர் இறங்கும் வற்றம் நேரத்தில் பாரம் ஏற்றிய தொங்கான் உள்ளே நுழைய முடியாது. வெள்ளம் ஏறும்வரை வெளியே வரிசையாகக் காத்துக் கிடப்பார்கள். 1869இல் கட்டிய கவனா பாலம் தாழ்வாக அமைந்துபோனதால் நிலைமை தலைகீழாகி, வெள்ளம் ஏறினால் பாலத்தடியில் போக முடியாத தொல்லையும் சேர்ந்துகொண்டது. உங்கள் கதை அதற்கு முந்தியது, அதனால் பாலத்தை விட்டுவிடுங்கள்.

இந்தத் தொங்கான் தொழிலில் ஆரம்ப காலத்தில் சூலியாக்கள் கைதான் ஓங்கியிருந்தது. சூலியா என்று வெள்ளைக்காரர் எழுதியது பெரும்பாலும் நம் கரையோரத் தமிழ் முஸ்லிம்களை. 1860களில் இருந்து சீனர்கள் மெல்ல மெல்ல அந்தத் தொழிலை எடுத்துக்கொண்டார்கள். நாகைக்காரனுக்கு இறங்கிய மறுநாளே கிடைக்கக்கூடிய வேலை இதுதான். படகுக்குத் தலைவர் தண்டல். தண்டலைத் தெரிந்திருந்தால் வேலை, தெரியாவிட்டால் இல்லை. படகின் கொள்ளளவைக் கோயான் என்ற எடைக் கணக்கில் சொல்வார்கள்.

#3 நாகைத்துறை

நன்றி. 'தண்டல்' என்ற சொல் நம் பக்கம் இன்றும் இருக்கிறது. மூட்டை தூக்குகிறவனுக்குக் கூலிக்கணக்கு எப்படி?

#4 தொங்கான்

படகிலிருந்து கரைக்குப் பலகை ஒன்று சாய்த்துப் போடுவார்கள். அகலம் ஓரடி இருந்தாலே பெரிது. மூட்டையைத் தோளிலும் பிடரியிலுமாக வாங்கிக்கொண்டு, பலகை மேலே எழும்பும் தருணத்தில் காலை வைத்து நடக்க வேண்டும். தாழும்போது வைத்தால் முழங்கால் மடங்கிவிடும். கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கு, வாசலில் கணக்கன் ஒருவன் மூட்டைக்கு ஒரு குச்சி கொடுப்பான். மாலையில் குச்சியை எண்ணிக் கூலி. படிக்கத் தெரியாத இரண்டு பேருக்கு நடுவே சண்டை வராமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. குச்சி தொலைந்தால் கூலியும் போச்சு.

தவறு எங்கே வரும் என்றால் நனைந்த மூட்டையில். அரிசியும் சர்க்கரையும் கப்பலில் நனைந்ததா, படகில் நனைந்ததா என்ற வழக்கு தண்டலின் தலையில்தான் வந்து விடியும். அதனால் கப்பலிலிருந்து இறக்கும்போதே அடிவரிசை மூட்டையைத் தொட்டுப் பார்க்காமல் எந்தத் தண்டலும் ஏற்ற மாட்டான்.

#5 அஞ்சடி

படுக்கையைப் பற்றி நான் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சொல். அரசாங்கத் தாள்களில் தமிழர் எல்லாருக்கும் 'கிளிங்' என்று எழுதியிருக்கும். உங்கள் பாத்திரம் தன்னை ஒருபோதும் அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டான். மரைக்காயர், ராவுத்தர், செட்டியார், பிள்ளை என்றோ ஊர்ப்பெயரிலோதான் சொல்வான். இன்றைய சூலியா ஸ்ட்ரீட்டுக்கு அன்றைய பெயர் கிளிங் ஸ்ட்ரீட், அதை மட்டும் அப்படியே வையுங்கள்.

ஆற்றின் தென்கரையை ஒட்டிய சின்ன வட்டம்தான் அவன் உலகம். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில், பக்கத்திலேயே 1826இல் எழுந்த ஜாமியா பள்ளிவாசல், தெலுக் ஆயர் தெருவில் 'குச்சுப் பள்ளி' என்று பெயர் வாங்கிய அல் அப்ரார் பள்ளி, நாகூர் தர்கா. இன்றைக்கு தெலுக் ஆயரில் நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது. 1860களில் தர்காவுக்கு எதிரே அலை அடித்தது. கடலைத் தூர்த்தது பிறகுதான். நாகையிலிருந்து வந்தவன் கரையேறியதும் நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்த நூறு அடிகூட நடக்க வேண்டாம். உங்கள் முதல் காட்சி அங்கேயே இருக்கிறது.

தங்குமிடத்தைத் தொழில்தான் கொடுக்கும். தனியாக வாடகை கொடுத்து அறை எடுப்பது இவனுடைய நிலையில் நடக்காது. தொங்கான் ஆள் படகிலேயே படுப்பான். கடைப் பையன் கடை மூடியபின் பலகை மேலோ மாடித் தரையிலோ. மாட்டுக்காரர்கள் செராங்கூன் பக்கம் தொழுவத்தோடு சேர்ந்த கொட்டகையில். கூலிகள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு மாடியைப் பிடித்து, ஒருவரைச் சமைக்க வைத்துச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

வீட்டின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். முகப்பு அகலம் பதினாறு அடி சுமார். அதற்கு மேல் போகாததன் காரணம் உத்திரக் கட்டையின் நீளம். பக்கச் சுவரிலிருந்து பக்கச் சுவருக்குக் குறுக்கே ஒரே மரம் போட்டுவிடலாம். ஆழம் மட்டும் 60, 100 அடி என்று உள்ளே ஓடும். நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு முற்றம். அந்த நீளத்தைத்தான் பின்னால் பலகை அடித்து அறை அறையாகப் பிரித்தார்கள். முற்றத்துக்கும் முகப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அறைக்குச் சன்னலே கிடையாது. வாடகையும் அதற்குத்தான் குறைவு.

#6 எடைக்கல்

அஞ்சடி, உங்கள் பெயருக்கே விளக்கம் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

#7 அஞ்சடி

சொல்லலாம். சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் நகரக் குழுவுக்குக் கொடுத்த கட்டளையில், தெருவின் இரண்டு பக்கமும் எல்லா வீடுகளின் முன்னும் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடைபாதை எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஐந்தடி என்கிற அளவு பிறகு ஒட்டிக்கொண்டது. மலாயில் காக்கி லீமா, தமிழில் அஞ்சடி. நடைபாதை என்று சட்டம் சொன்னாலும் கடைக்காரருக்கு அது கடையின் முன்னறை. வெற்றிலைத் தட்டு, சவரக்கத்தி, கடிதம் எழுதிக் கொடுப்பவரின் பலகை, சாராயப் பீப்பாய் எல்லாம் அங்கேதான். இரவில் பாய். நகராட்சி 1888 பிப்ரவரியில் அதைக் காலி செய்யப் பார்த்தபோது கடையடைப்பும் கலவரமுமாக முடிந்தது. 1860களின் காட்சியில் உங்கள் ஆள் அஞ்சடியில் நடந்து போவதாக எழுதாதீர்கள். பாதி தூரம் சாமான் அடைத்திருக்கும், வெயிலில் தெருவில் இறங்கித்தான் நடப்பான்.

#8 பேரேடு

பணத்துக்கு வருவோம். இங்கேதான் நாடகக்காரர்கள் எல்லாரும் வழுக்குகிறார்கள்.

1867 ஏப்ரல் 1 வரை நீரிணைக் குடியேற்றங்கள், அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா, இந்திய அரசாங்கத்தின் கீழ். ஆகவே அரசுக் கணக்குப் புத்தகம் ரூபாயில். ஆனால் கடைத்தெரு ஒரு நாளும் ரூபாயில் பேசவில்லை. பேச்சு முழுக்க டாலர், அதுவும் அமெரிக்க டாலர் அல்ல; முதலில் ஸ்பானிய வெள்ளி, பிறகு மெக்சிகோ வெள்ளி. இன்றைக்கும் சிங்கப்பூர், மலேசியத் தமிழர் டாலரை, ரிங்கிட்டை 'வெள்ளி' என்று சொல்வது அந்த நாணயத்தின் நினைவுதான். அங்கே அரசாங்கம் தன் பெயரில் டாலர் நாணயம் அடித்தது 1903இல்.

உங்கள் ஆள் மடியில் ரூபாய் கொண்டுவந்தால் நாணயம் மாற்றிக் கொடுக்கும் சராப்பிடம் மாற்ற வேண்டும். கணக்கு எளிது. மெக்சிகோ டாலரில் சுத்த வெள்ளி 24.4 கிராம் சுமார். கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயில் 10.7 கிராம் சுமார். வகுத்தால் 2.28. அதோடு சராப்பின் லாபத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளிக்கு இரண்டேகால் ரூபாய்க்கு முன்பின்.

சராப்பு என்ன பார்ப்பான்? விரல்நுனியில் நாணயத்தை நிறுத்தி இன்னொரு நாணயத்தால் தட்டி ஓசை கேட்பான். ஈயம் ஊற்றியது 'தொப்' என்று இறந்த ஓசை தரும். அடுத்து விளிம்பு, வெள்ளியைச் சுரண்டி எடுத்திருந்தால் ரம்பப்பல் தேய்ந்திருக்கும். சீனக் கடைகளைக் கடந்து வந்த நாணயத்தில் முத்திரைக் குத்து இருக்கும். ஒவ்வொரு கடையும் 'நான் பார்த்துவிட்டேன்' என்று தன் குத்தைப் போடும். குத்து கூடக் கூட நாணயம் கிண்ணம்போல் குழிந்து, கடைசியில் எண்ணி வாங்க முடியாமல் எடை போட்டு வாங்கும் பண்டமாகிவிடும். ஊரிலிருந்து புதிதாக வந்தவன் கையில் தள்ளிவிட அதுதான் முதல் தேர்வு.

சில்லறை வேறு தொல்லை. டச்சுக்காரரின் 'டொய்ட்' செம்புக்காசுதான் நம் 'துட்டு'. அதுவும் பல வகைச் செம்புத் துண்டுகளும் கலந்து ஓடின. கம்பெனி 1845 என்று தேதியிட்டு ஒரு சென்ட், அரை சென்ட், கால் சென்ட் செம்பில் அடித்தது. 1855இல் இந்திய அரசு இதை மாற்றி ரூபாய், அணா, பைசாவைப் புகுத்தப் பார்த்தபோது வணிகர்கள் கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். காரணம் தேசப்பற்று எல்லாம் இல்லை. சீனத்திலும் சுமத்ராவிலும் அணாவை யார் வாங்குவார்கள்?

#9 எடைக்கல்

அளவை என் பங்கு. 16 தாஹில் ஒரு காட்டி. 100 காட்டி ஒரு பிக்குல். 40 பிக்குல் ஒரு கோயான். ஆங்கில எடையில் பிக்குல் 133⅓ பவுண்டு, அதாவது 60 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். காட்டி 600 கிராம் சொச்சம். ஒரு ஆள் தோளில் காவடிக்கம்பு வைத்துத் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய சுமைதான் பிக்குல். மலாயில் அந்தச் சொல்லுக்கே தோளில் சுமப்பது என்றுதான் பொருள்.

அரிசி மொத்தத்தில் கோயான், சில்லறையில் காந்தாங், சுப்பாக். நான்கு சுப்பாக் ஒரு காந்தாங். பின்னாளில் சட்டம் காந்தாங்கை ஒரு இம்பீரியல் காலனுக்குச் சமமாக்கியது. அப்படிப் பார்த்தால் சுப்பாக் நம் சென்னைப் படியில் மூன்றில் இரண்டு பங்கு. ஊர்ப்படிக் கணக்கிலேயே அரிசி கேட்டவனுக்கு முதல் வாரம் பானை குறைந்துகொண்டே வரும். 'அங்கே ஒரு படி போதும், இங்கே போதவில்லையே' என்று அவன் குழம்புவதை நாடகத்தில் வைக்கலாம்.

ஏமாற்று எங்கே? கொள்ளளவில் கோபுரமாகக் குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதில். வாங்கும்போது குவிப்பார், விற்கும்போது தட்டுவார். எடையில் 'டாச்சிங்' என்ற தூக்குக்கோல். மரத்தண்டில் பிடிகயிறு இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று பாரத்துக்கு, ஒன்று சிறு எடைக்கு. இரண்டுக்கும் தனித்தனி வரிசைப் புள்ளிகள். ஒரு கயிற்றில் தொங்கவிட்டு மற்ற வரிசையின் புள்ளியைப் படித்துச் சொன்னால் புதியவனுக்கு எப்படித் தெரியும்? கல்லின் அடியில் துளையிட்டு ஈயத்தை எடுப்பது அதைவிடப் பழைய வேலை.

#10 காரைக்கொத்தன்

'கைதி அல்ல' என்று நாகைத்துறை ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். ஆனால் அந்த ஊரில் கைதியைத் தொடாமல் தமிழனின் வேலையைப் பேச முடியாது. 1825 ஏப்ரலில் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து முதல் இந்தியக் கைதிகள் வந்திறங்கினார்கள், அதில் சென்னை மாகாணத்தார் 80 பேர். 1873இல் அந்த ஏற்பாடு முடிந்தபோது மிச்சமிருந்தவர்களை அந்தமானுக்கு அனுப்பினார்கள். நடுவில் சாலை, கால்வாய், கலங்கரை விளக்கம், இன்றைய இஸ்தானா எல்லாவற்றிலும் அவர்கள் கை.

ஆறு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். முதல் வகுப்பு அனுமதிச் சீட்டுக்காரர்கள். வெளியே குடியிருந்து சொந்தத் தொழில் செய்துகொள்ளலாம், குறித்த நாளில் ஆஜராக வேண்டும். கீழே இறங்க இறங்கக் கட்டுக்காவல். காவலர்களே கைதிகளிலிருந்து உயர்த்தப்பட்டவர்கள். ஆக உங்கள் ஆளுக்குப் பால் விற்கிறவர், வண்டி ஓட்டுகிறவர், துணி வெளுக்கிறவர் பழைய கைதியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று அவனுக்குச் சீக்கிரம் புரியும்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயச் சுவர் நம் மதராஸ் சுண்ணாம்புக் காரைதான். 1856இல் தொடங்கி 1861இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். பக்குவம் இது: கிளிஞ்சல் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, மணல் சேர்க்காமல். முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் அடித்துக் கூழாக்கிச் சேர்க்க வேண்டும். கலக்கும் தண்ணீர் தேங்காய் மட்டையை ஊறப்போட்டு எடுத்தது. பூசிக் காயவிட்டு, பிறகு படிகக் கல்லாலோ உருண்டைக் கல்லாலோ தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது இடையிடையே மாக்கல் தூளைத் தூவினால் பளிங்குபோல் மினுங்கும்.

எங்கே கெடும்? சுண்ணாம்பு முழுக்க நீறாமல் கட்டி தங்கிவிட்டால், பூசி மாதங்கள் ஆனபிறகும் அது ஈரம் இழுத்துப் பொரிந்து, அம்மைத் தழும்புபோல் சுவரில் குழி விழும். அதனால் நீற்றியதைச் சலித்து, தண்ணீரில் கிடத்தி வைப்பார்கள். வெல்லம் கூடினால் இறுக நாளாகும், மேல்தோல் பிசுபிசுக்கும். காயுமுன் தேய்த்தால் மினுக்குக்குப் பதிலாகப் படை உரியும். அந்த ஊர் ஈரக்காற்றில் நம் ஊர் நாள்கணக்கு செல்லாது என்பதுதான் கொத்தனுக்கு முதல் பாடம்.

சுண்ணாம்புக் காளவாயும் செங்கற்சூளையும் செராங்கூன் சாலைப் பக்கம். அந்த வட்டாரத்துக்குத் தமிழில் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றே பெயர், கம்பம் என்றால் மலாயில் கிராமம். வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய ஆட்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்பார்கள்.

#11 நாகைத்துறை

கைதிகளைக் கூலியில்லாமல் வேலை வாங்கினால் சுதந்திரமாக வந்த கொத்தனுக்குப் பிழைப்பு ஏது?

#12 காரைக்கொத்தன்

அரசு வேலையில் ஏது? தனியார் வீடு, கடை, கோயில், பள்ளிவாசல் வேலைதான். செங்கல்லில் பணம் பார்த்தவர் உண்டு. 1819 மே மாதம் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை முதலில் கருவூலத்தில் வேலை பார்த்தார், பிறகு முதல் செங்கற்சூளையைத் தொடங்கினார். தச்சரும் கொத்தரும் பினாங்கிலிருந்து வரவழைத்தார். மாரியம்மன் கோயில் அவர் முயற்சிதான்.

#13 பேரேடு

அதே நாராயண பிள்ளைதான் துணிக்கடையும் வைத்தார். 1822இல் தீப்பிடித்துக் கடை போனது. சரக்கெல்லாம் ஐரோப்பிய வணிகரிடம் கடனுக்கு எடுத்தது. ராஃபிள்ஸ் நிலம் கொடுத்து உதவியபின் எழுந்து நின்றார். இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத விஷயம் அந்தக் கதையில் இருக்கிறது. அந்த ஊர் வெள்ளியில் பேசியது, ஆனால் ஓடியது கடனில்.

சங்கிலியைப் பாருங்கள். மான்செஸ்டர் துணி ஐரோப்பிய ஏஜென்சிக்கு வருகிறது. அவர்கள் தவுக்கே எனப்படும் சீன வணிக முதலாளிக்கு மூன்று மாதத் தவணையில் கைச்சீட்டு வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள். தவுக்கே அதைச் சுலவேசித் தீவின் பூகிஸ் வணிகருக்கும், காம்பியர் என்ற செடி வளர்க்கும் உள்நாட்டுத் தோட்டக்காரருக்கும் கடனாகத் தள்ளுகிறார். திரும்பி வருவது பணமல்ல. மிளகு, காம்பியர், ஆமை ஓடு, கடலட்டை. பூகிஸ் படகுகள் ஐப்பசி வாக்கில் வரும், சீன நாவாய்கள் மார்கழி, தையில். ஆக வருஷத்தில் சில மாதங்கள் எல்லார் கையிலும் சரக்கு, யார் கையிலும் வெள்ளி இல்லை. அந்த இடைவெளியில்தான் செட்டியார் உட்கார்ந்திருக்கிறார். மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில்.

கிட்டங்கி என்றால் நீளமான ஒரே கூடம். ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் சுவரோரம் ஓர் இடம்: பாய், சாய்மேசை, கைப்பெட்டி, பின்னால் ஒரு அலமாரி. அதற்குத்தான் பெட்டியடி என்று பெயர். பகலில் கடை, இரவில் அதே இடத்தில் படுக்கை. சமையல் பொது. ஊரில் முதலாளி, இங்கே மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்குக் கீழே பெட்டியடிப் பையன். மூன்று வருஷக் கணக்கு. குடும்பத்தை அழைத்து வருவதில்லை. முடிவில் ஐந்தொகை, அதாவது வரவுசெலவு நிலைக்கணக்கு எடுத்து, அடுத்து வருகிறவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுவார். 1859இல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயில் எழுந்தபின், மகமை என்ற பொதுநிதி வசூலும் பஞ்சாயத்தும் அங்கே.

வட்டியைக் கணக்கிடுவது நாள் பெருக்கத்தில். உதாரணத்துக்கு, 400 வெள்ளி 12 நாள் நிலுவை: 4,800. பிறகு 150 கட்டிவிட்டார், மிச்சம் 250 வெள்ளி 18 நாள்: 4,500. கூட்டினால் 9,300. முப்பதால் வகுத்தால் 310. ஆக 310 வெள்ளியை ஒரு மாதம் வைத்திருந்த மாதிரி. மாதம் நூற்றுக்கு ஒன்று என்றால் வட்டி 3 வெள்ளி 10 காசு. இதைத் தாளில்லாமல் வாயால் சொல்கிற பையன்தான் அடுத்தாளாக உயர்வான்.

உங்கள் நாகைக்காரனுக்கு இங்கே வேலை கிடைக்காது. நகரத்தார் தம் ஆட்களைத்தான் வைப்பார்கள். அவன் கிட்டங்கிக்குள் வருவதென்றால் அரிசி மூட்டை இறக்கவோ ஊருக்குப் பணம் அனுப்ப உண்டியல் என்ற பணச்சீட்டு வாங்கவோதான்.

#14 தொங்கான்

பேரேடு சொன்ன சங்கிலி 1864இல் அறுந்தது. சில ஐரோப்பிய நிறுவனங்களே கவிழ்ந்தன. அறுகிற விதம் எப்போதும் ஒன்றுதான். உள்நாட்டில் ஒருவன் கட்ட முடியாமல் இரவோடு இரவாக ஜொகூருக்கோ ரியாவுக்கோ படகேறிவிடுவான். ரியாவ் டச்சு எல்லை, இங்கிலீஷ் கோர்ட்டு அங்கே எட்டாது. அவன் சீட்டை வைத்திருக்கும் தவுக்கே கவிழ்வார், பிறகு ஏஜென்சி. துறையில் மூட்டை வராது. நாடகத்துக்குக் கெட்ட காலம் வேண்டுமென்றால் இந்த வருஷத்தை எடுங்கள்.

#15 அஞ்சடி

காம்பியரைப் பற்றி ஒரு வார்த்தை. இலையைப் பெரிய இரும்புச் சட்டியில் மணிக்கணக்கில் கொதிக்க வைத்து, சாற்றை வடித்து, கெட்டியாகும்வரை கட்டையால் கிளறி, துண்டு போட்டுக் காயவைப்பார்கள். வெந்த சக்கை மிளகுக்கொடிக்கு உரம். அதனால்தான் இரண்டும் ஒரே தோட்டத்தில். விறகுக்கு அக்கம்பக்கத்துக் காடு முழுக்கப் போகும், மண்ணும் சில ஆண்டில் சளைத்துவிடும். பிறகு வேறு இடம். 1840களிலிருந்தே தோட்டக்காரர் ஜொகூருக்கு நகர்ந்தது அதனால்தான். வேலையாட்கள் சீனர், தமிழனுக்கு இடமில்லை. ஆனால் அந்தத் தோட்டக் கூலிக்குத் தவுக்கே அரிசியைக் கூடுதல் விலைக்குக் கொடுத்து, சரக்கைக் குறைந்த விலைக்கு எடுத்ததைப் பார்த்தால் நம் ஊர்ப் பண்ணையார் கணக்கு ஞாபகம் வரும்.

#16 எடைக்கல்

குத்தகையை மறந்துவிட்டோம். சுங்கவரி இல்லாத துறைமுகம். சரி, அரசாங்கம் எதில் ஓடியது? அபின், சாராயம், கள், பங்கி என்ற கஞ்சா, அடகுக்கடை என்று ஒவ்வொன்றின் ஏகபோக உரிமையையும் ஏலம் விட்டார்கள். சூதாட்டக் குத்தகையை மட்டும் 1829இல் நிறுத்தினார்கள். வருமானத்தில் பாதிக்கு நெருக்கமாக அபின் குத்தகையே.

வங்காளத்து அபின் பெட்டிக்கு 40 உருண்டை. பச்சை அபினை யாரும் இறக்குமதி செய்யலாம், காய்ச்சிச் 'சண்டு'வாக்கிச் சில்லறையில் விற்பது குத்தகைக்காரர் மட்டும். தாஹிலில் நூறில் ஒரு பங்கு 'ஹூன்'. கூலிகள் வாங்கியது சில ஹூன் பொட்டலம். குத்தகைக்காரருக்குச் சொந்தக் காவலாட்கள் உண்டு. வெளியூர்ச் சண்டுவோடு பிடிபட்டால் முதலில் வருவது அரசுப் போலீஸ் அல்ல, அவர்கள்தான்.

தமிழனுக்கு இது உறைப்பது கள்ளில். ஊரில் தென்னை ஏறியவன் இங்கேயும் ஏறலாம் என்று பாளை சீவினால் கள்ளுக் குத்தகைக்காரர் ஆள் வந்து நிற்பான்.

#17 நாகைத்துறை

அப்படியென்றால் என் ஆளைத் தொங்கானில் தொடங்கி வேறு எதற்கு நகர்த்தலாம்? பெரிய முதல் இல்லாமல்?

#18 அஞ்சடி

சலவை ஒன்று. பிராஸ் பாசா ஓடையில் துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் காயப்போட்டார்கள். இன்றும் இடத்தின் பெயர் தோபி காட். உப்புத்தண்ணீர் ஏறும் இடத்தில் சோப்பு நுரைக்காது என்பதால் மேலே நன்னீர் இருக்குமிடம் பார்த்துத்தான் கல் போட வேண்டும். அடையாளத்துக்குச் சேங்கொட்டைச் சாறு, அதன்மேல் சுண்ணாம்பு. எத்தனை வெளுப்புக்கும் போகாது. ஆனால் சலவை பரம்பரைத் தொழில், வெளியாளைச் சேர்க்க மாட்டார்கள். சாதி கப்பலேறவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

மாட்டுவண்டி நல்ல யோசனை. குழாய்த்தண்ணீர் இல்லாத ஊர். ஆன் சியாங் மலையடிக் கிணற்றுத் தண்ணீரை மாட்டுவண்டியில் ஏற்றிச் சீனர் தெருக்களுக்கு விற்றார்கள். 'கிரேத்தா ஆயர்' என்ற பெயரே தண்ணீர் வண்டிதான். சீன வணிகர் டான் கிம் செங் 1857இல் குழாய்த் தண்ணீருக்கென்று 13,000 டாலர் கொடுத்தும் வேலை இழுத்து இழுத்து 1870களின் கடைசியில்தான் முடிந்தது. உங்கள் கதைக்காலம் முழுக்க வண்டிக்காரனுக்குப் பிழைப்பு உறுதி.

ரிக்‌ஷா மட்டும் வேண்டாம். அது 1880இல் வந்தது. தெருவில் எரிவாயு விளக்கு 1864 முதல் வைக்கலாம். தந்தி 1871.

#19 தொங்கான்

இங்கிலீஷ் படித்தவனாக இருந்தால் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. ஆனால் துணிமூட்டையோடு வந்தவன் என்றீர்களே. அந்த மூட்டையில் இருப்பது அவன் உடுப்பா, விற்கிற கைலியா? கைலி என்றால் கதை வேறு. சோழமண்டலக் கைத்தறிக்கு மலாய்க்காரரிடம் மதிப்பு இருந்தது, மான்செஸ்டர் அச்சடித் துணி அதைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. பெருநாளுக்கு முன்னால் கம்பம் கம்பமாகத் தோளில் போட்டு விற்றால் போகும். பெருநாள் கழிந்தால் அடுத்த வருஷம்வரை மூட்டையில் பூச்சி.

#20 நாகைத்துறை

கைலிதான் என்று வைத்துக்கொள்கிறேன். கடைசிக் கேள்வி. ஊருக்குப் பணம் எப்படி அனுப்புவான்?

#21 பேரேடு

மூன்று வழி. கப்பலில் போகிற ஊர்க்காரர் மடியில் கொடுத்தனுப்பலாம். மரைக்காயர் கப்பல்காரரிடம் கட்டி நாகையில் அவர் கடையில் வாங்கச் சொல்லலாம். அல்லது செட்டியாரிடம் வெள்ளியைக் கொடுத்து, ஊரில் ரூபாயாகக் கொடுக்கும்படி உண்டியல் எழுதி வாங்கலாம். உண்டியலில் பார்க்க வேண்டியது: தொகை ரூபாயில் எழுதியிருக்கிறதா, எத்தனை நாள் தவணை, யார் கையில் கொடுக்க வேண்டும். வெள்ளியில் எழுதி 'அன்றைய விலைக்கு' என்று விட்டால் விலையை வாங்குகிறவர் அல்ல, கொடுக்கிறவர்தான் சொல்வார்.

1860களில் விலையில் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்காது. இரண்டு நாணயமும் வெள்ளிதானே. 1893இல் இந்திய நாணயச்சாலைகள் தனியாருக்கு ரூபாய் அடிப்பதை நிறுத்தியதும் ரூபாய் தனியாகப் பிரிந்துபோனது, வெள்ளி விழுந்துகொண்டே இருந்தது. நூற்றாண்டு முடிவில் ஒரு வெள்ளிக்கு ஒன்றரை ரூபாய் சுமார். உங்கள் ஆள் 1865இல் 20 வெள்ளி அனுப்பினால் வீட்டுக்கு 45 ரூபாய். அவன் பேரன் 1900இல் அதே 20 அனுப்பினால் 30.

#22 எடைக்கல்

அவன் 20 வெள்ளியைக் கட்டும்போது சராப்பு குத்துப்பட்ட நாணயத்தைத் தனியாக ஒதுக்கி வைப்பான். அதையும் காட்சியில் சேருங்கள், ஓசை வானொலிக்குக் கேட்கும்.